பெரட்டுச் சாமியும் பதினாலாவது செம்பனையும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கெல்லாம் ஆறாங்கட்டைத் தோட்டத்தில் கார் நிறுத்த இடம் இருக்காது. பீடோரிலிருந்து உள்ளே பிரிகிற மண்சாலையின் இரு பக்கமும் ஈப்போ வண்டி, சிலிம் ரிவர் வண்டி, கோலாலம்பூர் வண்டி என்று செம்பனை மரங்களுக்கு இடையே மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும். கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது வீட்டைக் காலி செய்யச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் பலர் அந்தக் கூட்டத்தில் உண்டு. இருபது வருடமாக இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் இப்போது ஒரு ஞாயிறு தவறுவதில்லை. ஊர்ப்பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். கால்வலி.

எல்லாம் பெரட்டுச் சாமியின் மகிமை.

பெரட்டு என்றால் தெரியாத இளசுகளுக்குச் சொல்லிவிடுகிறேன். தோட்டம் இருந்த காலத்தில், விடிவதற்கு முன் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புவார்கள். அதுதான் பெரட்டு. அந்தப் பெரட்டுக்களம் மட்டும் எப்படியோ செம்பனைக்குத் தப்பி மேட்டின்மேல் கிடந்தது. சாமி அதைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காலத்துத் துரை, சம்பளம் கொடுத்து ஆட்களைப் பெரட்டுக்கு வரவழைத்தார். சாமி அவர்களிடமே காசு வாங்கிக்கொண்டு வரவழைக்கிறார். நிர்வாகத் திறமை என்றால் இது.

நுழைவாயிலில் ஒரு பேனர். ‘கால் வலியா? கால் வீக்கமா? கால் மரத்துப் போகிறதா? ஒன்பது பெரட்டு. ஒரே பிரம்பு.’

சாமி கையில் இருப்பது பழைய ரோத்தான் பிரம்பு. இந்தத் தோட்டத்தின் முதல் கங்காணி வைத்திருந்ததாம். ரப்பர் பால் குறைவாக எடுத்தவனை, நேரம் கழித்து வந்தவனை, எதிர்த்துப் பேசியவனை எல்லாம் கெண்டைக்காலில் வெளுத்த பிரம்பாம்.

“நூறு வருஷமா வலி குடுத்த பிரம்பு இது. குடுத்ததுக்குத்தான் திருப்பி வாங்கிக்கத் தெரியும்” என்பார் சாமி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பாட்டனை அடித்த பிரம்பைப் பேரன் தொட்டுக் கும்பிடுவான். பிரம்புக்குச் சந்தனம் உண்டு, குங்குமம் உண்டு. அடி வாங்கிய பாட்டனுக்கு அங்கே ஒரு படம்கூடக் கிடையாது.

சாமிக்கு முன்பு சன்னாசி என்று பெயர். ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் வீடு வீடாகக் காந்த மெத்தை விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டிலும் ஒன்று வாங்கினோம். படுத்தால் எல்லாம் போகும் என்றார். மூட்டைப்பூச்சிகூடப் போகவில்லை. இதை நினைவுபடுத்தியபோது பத்துமலை மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“மெத்தை விக்கிறப்பவே அவரு மூஞ்சில ஒரு ஒளி இருந்துச்சுலா தினேசு. நாமதான் மெத்தையப் பார்த்துட்டோம்.”

தினேசு என்றதும் பையன் என்று நினைக்க வேண்டாம், நான் பெண்தான். பத்துமலை மாமா என் அம்மாவின் அண்ணன். முப்பத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். சீனி வியாதி பதினாலு வருடம். சிகரெட் அதற்கும் மூத்தது. அவர் மனைவி மாரியம்மா அத்தைக்கும் சீனி, அதோடு ரத்தக்கொதிப்பு. நான் பகலில் ஜெலாப்பாங் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். செவ்வாயும் வியாழனும் ஈப்போவில் நோயாளிப் பராமரிப்பு மாலை வகுப்புக்குப் போகிறேன். தங்கியிருப்பது அவர்கள் வீட்டில். மாமாவால் இப்போது கிளச் மிதிக்க முடியவில்லை. ஆகவே ஞாயிறுதோறும் சாரதி நான்தான்.

வகுப்பில் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. நோட்டில் கோடு போட்டு, பார்த்ததை இடப்பக்கமும் நினைத்ததை வலப்பக்கமும் எழுத வேண்டும். வலப்பக்கத்தை நான் பென்சிலில்தான் எழுதுவேன். அழிக்க வசதி.

சாமியின் வைத்தியம் இப்படி. நுழைவாயிலிலிருந்து பெரட்டுக்களம் வரை ஏற்றம். வழியில் ஓரமாக இருபத்திரண்டு செம்பனை மரங்கள். அந்த ஏற்றத்தை நிற்காமல், வேகமாக நடக்க வேண்டும். பாதி வழியிலேயே பலருக்குக் கெண்டைக்கால் கல்லாக இறுகும். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போனால் வரிசையில் அசையாமல் நிற்க வேண்டும். சாமியின் உதவியாள் ரூபன் மைக்கில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவான். இவர்கள் “வந்தேன்” என்பார்கள். பிறகு சாமி வரிசையின் ஒரு முனையிலிருந்து மெதுவாக வந்து ஒவ்வொரு காலிலும் பிரம்பை வைப்பார்.

“போச்சா?”

“போச்சு சாமி!”

போய்விடுகிறது. அதுதான் வேடிக்கை. உண்மையிலேயே போய்விடுகிறது. பிறகு ரூபன் அவரவர் அட்டையில் சாப் அடிப்பான், முத்திரைதான். ஒன்பது சாப் விழுந்தால் பரிபூரண குணம். ஒரு ஞாயிறு தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், புது அட்டைக்குப் புதுக் காசு. ஒன்பது முடியும்வரை காலில் ஊசியோ கத்தியோ ஆஸ்பத்திரி மிஷினோ படக்கூடாது. பட்டால் பிரம்பு கோபித்துக்கொள்ளும்.

மாமா ஏழு பெரட்டிலும் முழுச் சாப் வாங்கினார். அத்தைக்கு ஏழிலும் அரைச் சாப். தோட்டத்தில் பாதி நாள் வேலை செய்தவருக்கு அரைப்பேர் போடுவார்களே, அதேபோல். ஏனென்றால் அத்தையின் வீக்கம் இறங்கவே இல்லை. வரிசையில் நிற்க நிற்க இன்னும் ஏறியது.

“உனக்குப் பக்தி போதாது மாரி” என்றார் மாமா, காரில் வரும்போது.

“ஏழு வாரமா வெறுங்காலோட நிக்கிறேன். இதுக்கு மேல பக்திக்கு எங்க போறது?”

“மனசு சுத்தமா இருக்கணும்.”

“ஓ. பெட்டி பெட்டியா சிகரெட் பிடிச்ச மனசு சுத்தம். கோயிலுக்கு மாலை கட்டுன மனசு அழுக்கு. நல்ல சாமிதான்.”

எனக்குக் கேள்வி விழுந்தது அங்கேதான். ஒரே சாமி, ஒரே பிரம்பு, ஒரே வரிசை. ஒருவருக்கு உடனே குணம், பக்கத்தில் நிற்பவருக்கு மோசம். தொழிற்சாலையில் இப்படி நடந்தால் இயந்திரத்தைத் திட்டமாட்டோம். உள்ளே போனவை ஒரே சாமான்தானா என்று முதலில் பார்ப்போம்.

அன்று மாலை இருவரையும் நாற்காலியில் உட்கார வைத்துக் கால்களைப் பார்த்தேன்.

மாமாவின் கால் மெலிந்து, பளபளத்து, முடி உதிர்ந்து குளிர்பெட்டியில் வைத்த மீன் மாதிரி சில்லென்று இருந்தது. நடந்தால் வலிக்கும், நின்றால் போகும். தூக்கி வைத்தால் வெளுக்கும், தொங்கவிட்டால் சுகம். அத்தையின் கால் நேர்மாறு. உப்பியிருந்தது. நடந்தாலும் வலி இல்லை. காலையில் சின்னது, சாயங்காலம் பெரியது. தூக்கி வைத்தால் குறையும், நின்றால் ஏறும். கட்டை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. சிறுநீர் நுரைக்கிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்.

வகுப்புக் குறிப்பைப் புரட்டினேன். ஒன்று காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. மற்றது சிறுநீரகம் பழுதாகி, உப்பும் நீரும் உடம்பில் தங்குவது. இரண்டுக்கும் சீனியும் கொதிப்புமே தாய் தகப்பன். இரண்டுமே சத்தமில்லாமல் வரும். ஒன்று இருந்தால் மற்றதும் எட்டிப் பார்க்கும். உறவு அவ்வளவுதான். ஒருவருக்குக் குழாய் அடைத்திருக்கிறது, ஒருவருக்கு வடிகட்டி கெட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே பிரம்பால் தட்டிச் சரிசெய்கிறவரைத் தண்ணீர்க் குழாய் வேலைக்குக்கூட வீட்டில் சேர்க்கமாட்டோம். காலைத் தொடச் சொல்லிக் காசு கொடுக்கிறோம்.

ஆனால் நான் யார்? அரை வகுப்பு முடித்தவள். எல்லாவற்றையும் பென்சிலில் எழுதிவைத்தேன்.

அத்தையின் நோய் பெரியதா, மாமாவின் நோய் பெரியதா என்று அதற்குள் அவர்கள் சண்டை பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

“எனக்கு ரத்தமே போகல. உனக்கு வெறும் தண்ணி” என்றார் மாமா.

“தண்ணியா? எனக்கு உள்ளுறுப்புலா. உங்களுக்கு வெறும் குழாய்.”

சிரித்துக்கொண்டே மாமாவின் காலைக் கீழே இறக்கினேன். அப்போதுதான் அந்தப் பெருவிரலைச் சரியாகப் பார்த்தேன். செருப்பு உரசிய சிறு புண் என்று அவர் மூன்று வாரமாகச் சாம்பல் பூசிக்கொண்டிருந்த இடம். துடைத்துப் பார்த்தால் ஓரம் கறுத்திருந்தது.

மறுநாளே லீவு போட்டு மாமாவை அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்தார். உடனே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் பேசி, ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணி, ரத்தக்குழாய்ப் பிரிவு. தவறவிட்டால் விரலோடு நிற்காது, பாதமே போகலாம் என்று இரண்டு தடவை சொன்னார். அதற்குள் கறுப்பு பரவினால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் வரச் சொன்னார்.

மாமா கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“ஞாயிறு எட்டாவது பெரட்டு. அதுக்கு அடுத்த ஞாயிறு ஒன்பது. முடிச்சிட்டுப் போறேன்லா. ஒரு வாரந்தானே.”

“மாமா, விரல் கறுக்குது.”

“அழுக்கு வெளிய வருது. சாமி சொன்னாரு.”

“திங்கக்கிழமை மிஷின் வைப்பாங்க. ஒரு நாள்தான் மாமா.”

“அந்த மிஷின் பட்டா ஏழு பெரட்டும் அபிஸ், எல்லாம் வீண். வலி போகுதா இல்லையா? நீயே பக்கத்துல நின்னு பார்த்தியா இல்லையா?”

பார்த்தேன். அதுதான் என் தொல்லை. நோட்டின் இடப்பக்கத்தில் என் கையெழுத்திலேயே ‘வலி போனது’ என்று ஏழு முறை இருந்தது.

ஆகவே அந்த ஏழையும் உட்கார்ந்து படித்தேன். யார் எங்கே நின்றார், எத்தனை நிமிடம், சாமி என்ன சொன்னார் என்று பழக்கதோஷத்தில் எழுதிவைத்திருந்தேன். வரிசையில் முப்பது சொச்சம் பேர், மற்ற கூட்டம் கூட வந்தவர்கள். ஒவ்வொரு வாரமும் வரிசையின் முதல் நாலைந்து பேர் “இன்னும் வலிக்குது சாமி” என்றிருக்கிறார்கள். அவர்கள் கடைசியாக மேலே வந்து, அவசரத்தில் சாமி பக்கத்து முனையில் நின்றவர்கள். சாமி அவர்களிடம் “உன் வினை கெட்டி. கடைசிக்குப் போ” என்பார். கடைசியில் போய் நின்றால், சாமி வந்து சேர்வதற்குள் வினை இளகிவிடும். அத்தையைத் தவிர எல்லோருக்கும். பெயர் கூப்பிடும் நேரத்தைச் சேர்த்தால், நின்று நாலு நிமிடம் ஆனவருக்கு வலி போகிறது. ஆகாதவருக்குப் போகவில்லை. பிரம்பு இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை.

வலப்பக்கத்தில் எழுதினேன்: ‘நின்றால் போகிற வலி, நிற்க வைத்துப் போக்கப்படுகிறதோ?’ கேள்விக்குறியை மட்டும் பேனாவில் போட்டேன்.

புதன்கிழமை மாலை மாமாவைக் காப்பிக் கடைக்கு நடத்திக் கூட்டிப்போனேன். எங்கள் சந்து முனையில் கால் இறுகியது. அங்கேயே நிற்கச் சொன்னேன். மூன்றரை நிமிடம்.

“இப்ப?”

“போச்சு.”

“சாமி எங்க மாமா இங்க?”

மாமா யோசித்தார். நான் நம்பிக்கையோடு பார்த்தேன்.

“பிரம்போட சக்தி ஈப்போ வரைக்கும் வருதுன்னா பார்த்துக்கயேன்” என்றார்.

நல்ல சக்தி. பீடோரிலிருந்து டோல்கூடக் கட்டாமல் வந்திருக்கிறது.

எதைச் சொன்னாலும் விழுங்கிவிடுகிற நம்பிக்கைக்கு எதைக் கொடுப்பது? இரண்டு நாள் யோசித்தேன். பிரம்பு இல்லாதபோது வலி போவதைக் காட்டினால், ‘தூரத்திலிருந்து போக்கினார்’ என்பார்கள். அப்படியானால் பிரம்பு காலிலேயே இருக்கும்போது வலி வருவதைக் காட்ட வேண்டும். அதற்குச் சாமி ஒத்துக்கொள்ள வேண்டும். சாமி முட்டாள் அல்ல. ஆனால் ரூபன் இருக்கிறானே.

ஞாயிற்றுக்கிழமை. எட்டாவது பெரட்டு. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி. மாமாவின் விரலில் கறுப்பு நகம்வரை வந்திருந்தது. “இன்னிக்கே போவோம் மாமா” என்று விடிகாலையிலேயே கெஞ்சினேன். “பெரட்டு முடியட்டும்” என்றார். பெரட்டு அட்டை மட்டும் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.

வாசலில் ஸ்கந்தராஜா ஐயா நின்றிருந்தார். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி, யாழ்ப்பாணத்துப் பரம்பரை, ஈப்போவில் பெரிய வீடு. வெள்ளைக் காலுறை, கைக்கடிகாரம், கைக்குட்டை.

“ஐயாவுமா?” என்றேன்.

“நான் இதுகளை நம்புறதில்லைப் பிள்ளை. சும்மா ஒரு நடைக்கு வாறனான்.”

“உங்க அட்டையில எத்தனை சாப் ஐயா?”

“எட்டு” என்றார், குரலைத் தாழ்த்தி. “விட்டா முதல்ல இருந்தெல்லோ தொடங்கோணும்.”

படிப்பு பெரிய விஷயம்தான். நம்புவதில்லை என்று இலக்கணமாகச் சொல்ல வருகிறது.

ரூபன் கைப்பேசியில் நேரலை வைத்து, மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தான். “பிரம்பால் ஆகாதது எதுவும் இல்லை பக்தர்களே! கேட்டதைக் கொடுக்கும் பிரம்பு!”

நான் கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் போனேன்.

“சாமி, ஒரு வேண்டுதல். எங்க மாமாவுக்கு ஏழு வாரமா வலி வந்த பிறகு எடுத்துவிடுறீங்க. இன்னிக்கு வராமலே தடுத்துவிடணும். கீழே இருந்து மேலே வரைக்கும் பிரம்பைக் காலிலேயே வச்சிக்கிட்டு வந்தீங்கன்னா வலி கிட்டவே வராதுல்ல?”

சாமி வாயைத் திறந்தார். அதற்குள் ரூபன் மைக்கைத் தூக்கிவிட்டான்.

“கண்டிப்பா! இன்று ஒரு விசேஷ அற்புதம் பக்தர்களே! சாமி நடந்துகொண்டே வலியைத் தடுக்கப் போகிறார்! நேரலையில் பார்ப்பவர்கள் பகிருங்கள்!”

கூட்டம் கைதட்டியது. சாமி ரூபனைப் பார்த்த பார்வைக்கு மட்டும் சக்தி இருந்திருந்தால் அவன் அங்கேயே எரிந்திருப்பான்.

“மாமாவுக்கு எப்பவும் எந்த மரத்துக்கிட்ட வலி வரும்?” என்று உரக்கக் கேட்டேன்.

“பதினாலாவது செம்பனை” என்றார் மாமா. “தெரியாதா உனக்கு? நீதானே எழுதி வச்சிருக்க.”

“சரி, எல்லாரும் எண்ணுங்க.”

மாமா நடக்க ஆரம்பித்தார். ஆறடி ஆள், லாரிக்காரர் நடை. சாமி குட்டை. பிரம்பு அதைவிடக் குட்டை. மாமாவின் கெண்டைக்காலில் பிரம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டுமானால் சாமி இடுப்பை வளைத்துப் பக்கவாட்டில் ஓட வேண்டும். ஓடினார். காவி வேட்டி தடுக்க, உருத்திராட்சம் மூக்கில் இடிக்க, நண்டு மாதிரி ஓடினார்.

“ஒண்ணு! ரெண்டு! மூணு!” கூட்டம் பின்னாலேயே வந்தது.

“கொஞ்சம் மெதுவா போங்கண்ணே” என்று சாமி கீழேயிருந்து கெஞ்சினார்.

“வேகமா நடக்கணும்னு நீங்கதானே சாமி சொன்னீங்க” என்றார் மாமா, பக்தியோடு.

“எட்டு! ஒம்பது!”

பிரம்பு நழுவியபோதெல்லாம் அத்தை பின்னாலிருந்து குரல் கொடுத்தார். “சாமி, பிரம்பு விலகுது. ஒட்டி வைங்க. அரைப்பேர் போட்டுறப் போறாங்க.”

“பதினொண்ணு! பன்னெண்டு! பதிமூணு!”

மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் வெற்றி பெறவேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை. அரை நிமிடம் எனக்கே சந்தேகம் வந்தது. நான் எழுதியது எல்லாம் தப்பாக இருந்தால்? மாமா திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டார்.

“பதினாலு!”

மாமா நின்றார். கை தானாகக் கெண்டைக்காலுக்குப் போனது. அங்கே ஏற்கெனவே பிரம்பு இருந்தது.

“வந்திருச்சு” என்றார். சின்னக் குரலில்.

கூட்டம் எண்ணுவதை நிறுத்தியது.

“வந்திருச்சா மாமா? பிரம்பு காலிலதானே இருக்கு.”

“இருக்கு. வந்திருச்சு. தாஹான் பண்ண முடியல, தாங்கல.”

சாமி குனிந்தபடியே சமாளித்தார். “பக்தி… பக்தி குறைஞ்சிருச்சு நடுவுல…”

“சாமி, நீங்க பிரம்போட கீழே வாசலுக்குப் போங்க” என்றேன். “மாமா இங்கேயே நிக்கட்டும். ஸ்கந்தராஜா ஐயா கடிகாரத்தைப் பார்க்கட்டும்.”

சாமி நகரவில்லை. நகர மறுக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் அவரால் நிமிரவே முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. கையில் பிரம்பு, பார்வை மண்ணில், அப்படியே ஆணி அடித்ததுபோல் நின்றார்.

“ரூபா” என்று முனகினார். “இடுப்பு… தூக்குடா.”

ரூபனும் இன்னொருவரும் வளைந்த கோலத்திலேயே சாமியை அலாக்காகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வீட்டைக் காலி செய்து நாற்காலியை எடுத்துப்போவதுபோல் இருந்தது. அத்தை வழியிலேயே சாமியின் கையிலிருந்து பிரம்பை உருவிக்கொண்டார்.

“இருங்க சாமி. உங்ககிட்டயே மருந்து இருக்கே.” பிரம்பைச் சாமியின் இடுப்பில் வைத்தார். “போச்சா?”

“ஐயோ, தொடாதம்மா!”

“வினை கெட்டி போல. கடைசிக்குப் போங்க.”

முதலில் யாரோ ஒருவர் மூக்கு வழியாகச் சிரித்தார். பிறகு மலை சரிந்த மாதிரி முழு வரிசையும் சிரித்தது. ரூபன் வண்டிக்குள்ளிருந்து தலைவலித் தைலம் எடுத்துவந்து சாமியின் இடுப்பில் தேய்த்தான். நேரலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ‘அந்தத் தைலம் என்ன விலை?’ என்று ஒருவர் கேட்டிருந்தார்.

மேலே, பதினாலாவது செம்பனையடியில், மாமா மட்டும் சிரிக்காமல் நின்றிருந்தார். பக்கத்தில் ஸ்கந்தராஜா ஐயா கடிகாரத்தைக் கண்ணுக்கு அருகே வைத்திருந்தார்.

“மூன்று நிமிஷம் இருபது விநாடி” என்றார்.

மாமா காலை ஊன்றிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். சாமி கீழே, பிரம்பு அத்தையின் கக்கத்தில், சாமிக்குத் தன் இடுப்பையே கவனிக்க நேரமில்லை.

“போச்சு” என்றார் மாமா.

ஐயா தன் அட்டையை எடுத்து எட்டு சாப்பையும் ஒருமுறை எண்ணினார். பிறகு நாலாகக் கிழித்துக் கைக்குட்டைக்குள் வைத்தார். குப்பை போடக்கூடாது என்ற பழக்கம் மட்டும் மாறவில்லை. “இத்தனை நாளும் சும்மா நிண்டாலே போயிருக்கும், என்ன பிள்ளை?” என்றார்.

“போயிருக்கும் ஐயா. ஆனா வலிதான் போகும், நோய் போகாது. உங்க காலையும் காட்டுங்க.”

கூட்டத்தில் எல்லோரும் மாறிவிடவில்லை. நாலைந்து பேர் ரூபனிடம் போய், அடுத்த ஞாயிறு சாமிக்கு இடுப்பு சரியாகிவிடுமா என்று அக்கறையாகக் கேட்டார்கள். சாப் வீணாகக்கூடாதாம்.

மாமா காரில் ஏறி, காலைத் தொங்கவிட்டு, விரலைக் குனிந்து பார்த்தார். அத்தை முன்சீட்டில் உட்கார்ந்து தன் கணுக்காலை அழுத்திக் குழி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கும் ஒரு கடிதம் எழுதித் தருவாங்களா தினேசு?” என்றார்.

“தருவாங்க அத்தை. ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிரும்.”

“நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு எழுப்புவ?” என்று மாமா பின்னாலிருந்து கேட்டார்.

“நாளைக்கு வரைக்கும் எதுக்கு மாமா? நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்.”

மாமா சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கையில் கட்டுகிற ரத்த அழுத்தப் பட்டையை மாமாவின் கணுக்காலிலும் கட்டினார்கள். கையில் இருந்த அழுத்தத்தில் பாதிகூடக் காலில் இல்லை. ஊசியும் மிஷினும் எல்லாம் பட்டன. தொடையில் அடைத்திருந்த குழாயைத் திறந்தார்கள். பெருவிரல் நுனி போயிற்று, பாதம் நின்றது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பாதத்துக்கு உத்தரவாதம் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர். சிகரெட்டை விடச் சொன்னார். அழுகிற முகத்தோடு விட்டார். அத்தைக்குச் சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறதாம். மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு. கருவாட்டைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சோற்றைச் சாப்பிடுகிறார். எந்த நோய் பெரிது என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. மாமா விரலைக் காட்டுகிறார். அத்தை ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டுகிறார்.

சாமி சிலிம் ரிவர் பக்கம் இடம் மாறிவிட்டதாகக் கேள்வி. இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்கிற வைத்தியமாம். கூட்டம் நன்றாகத்தான் இருக்கிறதாம்.

நான் வலப்பக்கத்தில் எழுதியிருந்ததைப் பேனாவால் ஒருமுறை மேலே எழுதினேன். அழிக்க இனி அவசியமில்லை. உங்களை யாராவது வரிசையில் நிற்கச் சொன்னால், அதற்கு முன் வீட்டு வாசலில் நாலு நிமிடம் தனியாக நின்று பாருங்கள். போகிற வலி அங்கேயே போய்விடும். போகாத நோய்க்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. யோசிக்காத தலைக்கு மட்டும் எந்தப் பிரிவிலும் கடிதம் எழுதித் தர மாட்டார்கள்.